பிள்ளையில்லாத வீட்டில் இருவர்

நாஞ்சில் நாட்டு உழவரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கன்னிப்பூவிலோ கும்பப்பூவிலோ வயல் சரியாக முளைக்கவில்லையென்றால், அவர் மண்ணை மட்டும் நொந்துகொள்ள மாட்டார். வித்து பழுதா, விதைத்த நாள் பிசகா, நீர் மிகுந்ததா, குறைந்ததா என்று ஒவ்வொன்றாக ஆராய்வார். ஒரு பிடி வித்தை நீரில் இட்டு, மிதப்பது எவ்வளவு, அமிழ்வது எவ்வளவு என்று பார்ப்பார். இத்துணை நிதானமுள்ள அதே மனிதர், தம் மகனுக்கு மணமாகி மூன்று ஆண்டுகள் கழிந்தும் வீட்டில் தொட்டில் கட்டவில்லையென்றால், வித்தையும் நாளையும் நீரையும் ஒருங்கே மறந்துவிடுகிறார். மருமகளை மட்டுமே பார்க்கிறார். வீட்டார் பார்க்கிறார்கள், அண்டை அயலார் பார்க்கிறார்கள், இறுதியில் அந்தப் பெண்ணும் கண்ணாடியின் முன் நின்று தன்னையே குற்றவாளியாகப் பார்க்கத் தொடங்குகிறாள்.

இன்று நான் பேச வந்தது அந்த மறதியைப் பற்றித்தான். இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகள் மருத்துவத் தொழில் செய்தவள் என்ற முறையில், ஒரே ஒரு கருத்தை உங்கள் உள்ளத்தில் பதிக்க விரும்புகிறேன். மகப்பேறின்மை என்பது ஒருவருடைய குறையன்று. இருவருக்குப் பொதுவான ஒரு நிலை. ஆதலின் பரிசோதனையும் இருவருக்கும் நடைபெற வேண்டும். அதுவும் காலம் கடவாமல், ஒரே சமயத்தில் நடைபெற வேண்டும். இதைச் செய்தால் எத்தனையோ குடும்பங்களில் பாதித் துன்பமும், விற்றும் அடகு வைத்தும் தொலைந்த பொன்னில் பாதியும் மிச்சப்படும்.

வித்தும் நிலமும் என்று உவமை சொன்னேன். ஆனால் அந்த உவமையே நமக்குக் கொஞ்சம் கெடுதல் செய்திருக்கிறது. ஆண் விதைப்பவன், பெண் விளைநிலம் என்று நெடுங்காலம் நம்பினோம். உண்மை அதுவன்று. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வணிகராயிருந்த லீவன்ஹூக் என்பவர், தாமே செய்த நுண்பெருக்கியின் வழியாக 1677 ஆம் ஆண்டில் ஆணின் விந்தணுக்களைக் கண்டார். பெண்ணினத்தின் சினைமுட்டையைக் காண்பதற்கு மேலும் 150 ஆண்டுகள் சென்றன. 1827 இல்தான் வான் பேயர் என்னும் அறிஞர் பாலூட்டி உயிரின் சினைமுட்டையைக் கண்டறிந்தார். 1876 இல் ஹெர்ட்விக் என்பார் கடல் முள்ளெலி என்னும் சிற்றுயிரை ஆராய்ந்து, ஆணின் அணுவும் பெண்ணின் முட்டையும் ஒன்றாகக் கலந்தே கரு உருவாகிறது என்று காட்டினார். ஆகவே இருவருமே வித்து அளிப்பவர்கள். அந்தக் கரு வளரும் இடம் பெண்ணிடம் இருக்கிறது என்பதால், பொறுப்பு முழுவதும் அவள் தலையில் விழுந்துவிடாது.

அந்த 1876 ஆம் ஆண்டில்தான் நம் தேரூரில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் பிறந்தார்கள். தமிழ்க் குழந்தைகளுக்கென்று இனிய பாடல்களை வாரி வழங்கியவர் அவர். பசுவையும் கன்றையும் கிளியையும் பற்றி அவர் பாடியவற்றைப் பள்ளிப் பருவத்தில் பாடாத தமிழர் மிகச் சிலரே. அந்தக் கவிமணிக்கும் அவருடைய துணைவியாருக்கும் மக்கட்பேறு வாய்க்கவில்லை. உற்றார் வீட்டுப் பிள்ளையைத் தம் பிள்ளையாகவே வளர்த்தார்கள். 1954 இல் அவர் மறையும்வரை அந்த இல்லத்தில் அன்புக்கு ஒரு குறைவும் இருந்ததில்லை. மகப்பேறு இன்மையால் மனித வாழ்வு மதிப்பிழந்து போவதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே இப்படியொரு சான்று இருக்கிறது.

கவிமணி அவர்களே 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' பாடியவர். மாமன் சொத்து மருமகனுக்குச் சேரும் அந்த முறையால் நம் குடும்பங்கள் பட்ட பாட்டை நகைச்சுவையோடு எடுத்துக்காட்டியவர். பிறகு 1926 இல் திருவிதாங்கூரில் சட்டம் வந்து, நாஞ்சில் நாட்டு வேளாளரின் சொத்துரிமை முறை மாறிற்று. ஒன்றை இங்கே எண்ணிப் பாருங்கள். மருமக்கள் வழியில் ஒருவனுடைய சொத்து அவன் தங்கையின் மகனுக்கே சேர்ந்தது. 'வம்சம் விளங்க என் மகனுக்கு மகன் வேண்டும்' என்ற பேச்சுக்கு அந்த முறையில் அவ்வளவு இடமிருந்திருக்க முடியாது. வம்சம் எந்த வழியாக ஓடுகிறது என்பதுகூட மனிதர் வகுத்த ஏற்பாடுதான்; சட்டம் மாறினால் அதுவும் மாறுகிறது. அப்படியிருக்க, அந்த ஏற்பாட்டின் பெயரால் ஒரு பெண்ணை 'மலடி' என்று அழைப்பதற்கு நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

இனி மருத்துவத்துக்கு வருவோம்.

திருமணமான தம்பதிகள் எந்தத் தடையுமின்றி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லையென்றால், அப்போது மருத்துவரை அணுக வேண்டும் என்பது பொது விதி. மனைவிக்கு வயது 35 ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். மாதவிடாய் ஒழுங்கின்றி வந்தாலோ, முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, கணவருக்கு விரையில் அடியோ நோயோ ஏற்பட்டிருந்தாலோ, அந்த ஆறு மாதமும் காத்திருக்க வேண்டியதில்லை. மறுபுறம், மணமான மூன்றாம் மாதத்திலேயே பதறுவதும் வேண்டா. உடல்நலமுள்ள இளந்தம்பதிகளுக்குக்கூட ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். ஓராண்டில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் கருத்தரித்துவிடுகின்றனர்.

'சேர்ந்து வாழ்ந்த ஓராண்டு' என்று சொன்னேன். அந்தச் சொற்களை நம் மாவட்டத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளுள் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் வருகின்றனர். தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலுக்குச் சென்றால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகிறது. 'கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகிவிட்டது' என்று கண்ணீரோடு வருகிறார்கள். கணக்கெடுத்துப் பார்த்தால் கணவர் ஊரில் இருந்தது நான்கே மாதம்! இதில் நோய் எங்கே இருக்கிறது?

இத்தகையவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. சினைமுட்டை வெளிப்படுவது, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்பு. 28 நாட்களுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கு அது பதினான்காம் நாளை ஒட்டி வரும். 35 நாட்களுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கோ இருபத்தோராம் நாளை ஒட்டி வரும். வெளிப்பட்ட முட்டை ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. ஆனால் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரையில் உயிர் தாங்கும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே பயனுள்ள நாட்கள். விடுப்பில் வரும் கணவர், இந்த நாட்களை அறிந்து பயணச்சீட்டு வாங்கினால், சில வீடுகளில் மருந்தே வேண்டியிராது.

இனிப் பரிசோதனை. முதலில் யாருக்கு? என் விடை, கணவருக்கு. காரணம் எளியது. பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகள் பல, சில வலி தருவன, செலவும் மிகுதி. ஆணுக்கு அடிப்படையான பரிசோதனை ஒன்றே. இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை உறவு தவிர்த்து, விந்தை ஒரு சிறு கலத்தில் கொடுத்தால் போதும். வலி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் சிறிது.

ஒருமுறை தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு மாமியார் தம் மருமகளை அழைத்து வந்தார். மணமாகி எட்டு ஆண்டுகள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு பெரிய பை. அதனுள் பல ஊர் மருத்துவமனைகளின் சீட்டுகள். கருப்பையைச் சுரண்டிப் பார்த்திருந்தார்கள். இருமுறை கருக்குழாய்ப் படம் எடுத்திருந்தார்கள். வயிற்றில் துளையிட்டும் பார்த்திருந்தார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தன. 'உங்கள் மகனுக்குப் பரிசோதித்த சீட்டு எங்கே?' என்று கேட்டேன். அந்த அம்மையார் என்னை வியப்போடு பார்த்தார். 'அவனுக்கு என்ன குறை டாக்டரம்மா? ஆளைப் பார்த்தாலே தெரியுமே!' என்றார். அடுத்த வாரம் மகன் வந்தார். ஆள் வாட்டசாட்டமானவர்தாம். ஆனால் விந்தில் அணுவே இல்லை. எட்டு ஆண்டுகளாக அந்தப் பெண் பட்ட வலிக்கும், கேட்ட சொல்லுக்கும் ஒரு சிறு கலம் அன்றே விடை சொல்லியிருக்கும்.

'ஆளைப் பார்த்தாலே தெரியும்' என்பது பெரும் பிழை. ஆண்மை வேறு, விந்தணு வேறு. இல்லற உறவில் ஒரு குறையும் இல்லாத ஆணுக்கு அணு குறைவாக இருக்கலாம்; அறவே இல்லாமலும் இருக்கலாம். அதைக் கண்ணால் காண முடியாது, நுண்பெருக்கிதான் காட்டும். ஆகவே இந்தப் பரிசோதனை ஒருவருடைய ஆண்மையின்மீது ஐயம் கொள்வதன்று. கண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்று பார்ப்பதைப் போன்றதுதான்.

இதன் முடிவை எப்படிப் படிப்பது? உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த கணக்கின்படி, ஒரு மில்லி லிட்டர் விந்தில் 1 கோடியே 60 லட்சம் அணுக்களும், அவற்றுள் நூற்றுக்கு 42 நகர்வனவாகவும் இருப்பது கீழெல்லை. இந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டா. இதற்குக் கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்பது பொருளன்று. வாய்ப்புக் குறைவு என்பதே பொருள். ஒரே பரிசோதனையை வைத்து முடிவு கட்டவும் கூடாது. விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடுங்காய்ச்சல் இன்றைய கணக்கைக் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே மீண்டும் ஒருமுறை பார்ப்பதே முறை.

குறைவுக்குக் காரணங்கள் பல. விரையைச் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கலாம். இதை அறுவையால் சீராக்கலாம். வாலிபப் பருவத்தில் வந்த பொன்னுக்கு வீங்கி விரையையும் தாக்கியிருக்கலாம். புகையும் மதுவும் கெடுக்கின்றன. விரைகள் உடலுக்கு வெளியே அமைந்திருப்பதே குளிர்ச்சிக்காகத்தான். உலைக்களத்திலும் பெரிய அடுக்களைகளிலும் நாள் முழுவதும் வெப்பத்தில் நிற்பவர்களுக்கு அணு குறையக்கூடும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்கப் போட்டுக்கொள்ளும் ஆண்மைச் சுரப்பு ஊசிகள் அணு உற்பத்தியையே நிறுத்திவிடக் கூடியவை. தோற்றம் பெருக்கும் ஊசி தந்தைமையைத் தடுக்கிறது என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அணு மிகமிகக் குறைந்தவர்க்கும் இன்று வழியுண்டு. 1992 இல் பெல்ஜியத்தின் பிரஸல்ஸ் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரே ஒரு விந்தணுவை மெல்லிய கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் முறையால் குழந்தைகள் பிறந்தன என்பதே அச்செய்தி. விந்தில் அணு வராதவர்கள் சிலருக்கு, விரையிலிருந்தே அதை எடுத்துப் பயன்படுத்தவும் முடிகிறது.

இனிப் பெண்ணுக்குரிய பரிசோதனைகள். அடிப்படையாக அறிய வேண்டியவை மூன்றே. சினைமுட்டை மாதந்தோறும் வெளிவருகிறதா? கருக்குழாய்கள் திறந்திருக்கின்றனவா? கருப்பை கருவை ஏற்கும் நிலையில் இருக்கிறதா?

முதலாவதை இரத்தப் பரிசோதனையாலும் ஒலியலைப் படத்தாலும் அறியலாம். இன்று இளம்பெண்களிடம் மிகுதியாகக் காண்பது, சினைப்பையில் சிறுசிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றி முட்டை வெளிவராது தடைப்படும் நிலை. உடல் பருத்தவர்கள், தம் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிவிடுகிறது. எஞ்சியோருக்கு முட்டை வெளிவரச் செய்யும் மாத்திரைகள் உள்ளன, விலையும் மிகுதியன்று. தைராய்டுச் சுரப்பின் குறையும் ஒரு காரணம். அதற்கும் மாத்திரை உண்டு.

இரண்டாவது, கருக்குழாய். விலக்கு நின்ற சில நாட்களில் கருப்பைக்குள் ஒரு மருந்து நீரைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தால், குழாய் திறந்திருப்பதும் அடைபட்டிருப்பதும் தெரியும். இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். அது காசநோய்.

காசநோய் என்றதும் நாம் இருமலையும் மார்பையும் நினைக்கிறோம். அந்தக் கிருமி நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே சென்று கருக்குழாயிலும் கருப்பையிலும் தங்கிவிடக் கூடும். இருமல் இராது, காய்ச்சல் இராது. பிள்ளை பிறக்கவில்லை என்பது ஒன்றே அதன் அறிகுறியாக இருக்கலாம். உள்ளே குழாய்கள் ஓசையின்றி அடைபட்டுக்கொண்டிருக்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு பெண்மணியை நினைக்கிறேன். மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் அவர். லண்டன் சென்று மருத்துவம் பயின்று, 1916 இல் திருவனந்தபுரத்துக்குத் திரும்பி மகப்பேறு மருத்துவம் பார்த்தவர். 1938 இல் திருவிதாங்கூர் மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்பான சர்ஜன் ஜெனரல் பதவியை ஏற்றவர். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமையக் காரணமாயிருந்தவரும் அவரே. அந்நாளில் காசநோயாளர்க்குக் காற்றும் ஓய்வும் நல்லுணவுமே பெருமருந்து. பிறகு மாத்திரைகள் வந்தன. 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டாலும் மருத்துவமனையில் படுத்திருப்போர்க்கு இணையாகக் குணமடையலாம் என்று 1959 இல் உலகுக்கு எடுத்துக்காட்டிற்று. ஆசாரிப்பள்ளத்தில் காசநோய் மருத்துவமனை இருந்த வளாகத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது.

காசநோய்க்குரிய மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பொதுவாக ஆறு மாதம் தவறாமல் உண்ண வேண்டும். ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, முன்பே தழும்பேறி அடைபட்ட குழாயைத் திறந்துவிடாது. எட்டாம் ஆண்டில் கண்டறிந்து என்ன பயன்? முதலாண்டிலேயே கண்டறிய வேண்டும். காலதாமதம் ஏன் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

குழாய்கள் இரண்டும் அடைபட்டவர்க்கு உதவவே, முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடிக் கலத்தில் கருவாக்கி, மீண்டும் கருப்பையில் வைக்கும் முறை தோன்றிற்று. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் அம்முறையால் முதற் குழந்தை பிறந்தது. எட்வர்ட்ஸ் என்னும் அறிஞரும் ஸ்டெப்டோ என்னும் மருத்துவரும் பர்டி என்னும் பெண்மணியும் சேர்ந்து பாடுபட்டுக் கண்ட வெற்றி அது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண்குழந்தை பிறந்தது. நம் நாடு அவரைக் கொண்டாடவில்லை. அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்பவில்லை. வெளிநாடு சென்று அறிஞர் அவையில் பேசவும் இசைவு கிடைக்கவில்லை. கண் மருத்துவத் துறைக்கு மாற்றப்பட்டார். 1981 இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் அறிஞர் ஆனந்தகுமாரும் 1986 ஆகஸ்டு 6 அன்று இம்முறையால் ஒரு குழந்தையைப் பிறப்பித்தனர். அந்த ஆனந்தகுமாரே பின்னாளில் முகர்ஜியின் குறிப்புகளைப் படித்து, முதற்பெருமை அவருக்கே உரியது என்று 1997 இல் அறிவித்தார். தம் பெருமையைத் தாமே விட்டுக்கொடுத்த அந்தச் செயல் போற்றத்தக்கது. 1990 இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் அவர்களின் மருத்துவத்தால் தென்னாட்டிலும் இம்முறை வெற்றி கண்டது.

இன்று இந்த மருத்துவம் ஊர்தோறும் விளம்பரமாகிவிட்டது. ஆகவே சில எச்சரிக்கைகள். இது இறுதிப் படியேயன்றி முதற் படியன்று. மாத்திரையால் தீரக்கூடியதற்கு இந்தப் பெருஞ்செலவு வேண்டா. ஒரு முறையிலேயே வெற்றி என்று எவரும் உறுதி கூற இயலாது. இளம் வயதினரிடத்தும் பல முயற்சிகள் தவறுகின்றன. 40 வயதுக்குமேல் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. 'எத்தனை பேர் கருவுற்றார்கள்?' என்று கேளாதீர்கள். 'என் வயதினருள் எத்தனை பேர் குழந்தையோடு வீடு திரும்பினார்கள்?' என்று கேளுங்கள். மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள். 2021 இல் இயற்றப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, இத்தகைய நிலையங்கள் அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு வயது 21 முதல் 50 வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும் இருக்க வேண்டும். இருவருடைய எழுத்து இசைவும் வேண்டும். ஆண் குழந்தை பெற்றுத் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால், அது சட்டப்படி குற்றம். அந்த இடத்தைவிட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள். பெயரும் சீட்டும் இல்லாத பொடிகளை விற்பவரிடமும் அப்படியே.

'கோயிலுக்குப் போகலாமா?' என்று என்னைக் கேட்பவர் உண்டு. நாகராஜா கோயிலில் நாகருக்குப் பால் வார்ப்பவரையும், கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுபவரையும், தக்கலைப் பள்ளிவாசலில் நேர்ச்சை செய்பவரையும் நான் தடுப்பதில்லை. துன்பப்பட்ட உள்ளத்துக்கு அது ஆறுதல். நெய்யூரில் 1838 இல் மேனாட்டு மருத்துவப் பணி தொடங்கிற்று. எவரெஸ்ட் சிகரத்தில் ஏறும் முயற்சியில் பங்குகொண்டு உலகப் புகழ்பெற்ற டாக்டர் சாமர்வெல், மலைப் புகழை விட்டு அங்கே வந்து கத்தி பிடித்தார். வயிற்றுப் புண்ணென்றால் நேர்ச்சையும் நேர்ந்து, மருத்துவமனைக்கும் போன மக்கள்தாம் நம் முன்னோர். அந்த வழக்கத்தைப் பிள்ளையின்மைக்கும் கைக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

எல்லாம் செய்தும் பயனில்லாமற் போகும் இல்லங்கள் சில உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. எப்போது நிறுத்துவது என்பதை முன்னதாகவே இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வீடும் நிலமும் கரைந்த பிறகு எடுக்கும் முடிவு கசப்பையே மிச்சம் வைக்கும். தத்தெடுக்க விரும்புவோர்க்கு 2015 ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாச் சமயத்தாருக்கும் வழி திறந்திருக்கிறது. அரசின் தத்தெடுப்பு ஆணையத்தில் பெயரைப் பதிந்து முறைப்படி காத்திருக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் இடைத்தரகர் கையிலிருந்து குழந்தை வாங்குவது தத்து அன்று, குற்றம். தத்து வேண்டா, நாங்கள் இருவருமே போதும் என்று வாழ விரும்பும் தம்பதிகளும் நிறைவான குடும்பமே. அவர்களைப் பார்த்து 'விசேஷம் உண்டா?' என்று கேட்கும் உரிமை நமக்கில்லை.

கணவன்மார்களுக்கு ஒரு சொல். உங்கள் மனைவி தனியே மருத்துவமனைப் படி ஏற விடாதீர்கள். முதல் நாளே உடன் செல்லுங்கள். முதற் பரிசோதனைக்கு நீங்களே கை நீட்டுங்கள். குறை உங்களிடம் என்று தெரிந்தால் வீட்டாரிடம் அதை ஒளியாதீர்கள். உங்களுக்காக அவள் பழி சுமக்க நேரும்.

மாமியார்மார்களுக்கும் ஒரு சொல். வளைகாப்புக்கும் பெயர் சூட்டு விழாவுக்கும் அந்தப் பெண்ணை முன்வரிசைக்கு அழைத்து உட்கார வையுங்கள். 'வா மக்களே, பக்கத்தில் இரு' என்று நீங்கள் சொன்னால், ஊர் வாயை அந்த ஒரு சொல் அடக்கும். எங்கள் மருந்துப் பெட்டியில் அதற்கு ஈடான மருந்து ஒன்றும் கிடையாது.